மெசின் நின்றால், பி.எல்.சி.யைக் கழட்ட முதல்: அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

விடிய ஆறு மணிக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் தொடங்கும். "அண்ணை, பி.எல்.சி. அடிச்சுப்போட்டுது போல, கொழும்பில புதுசு ஒண்டு எடுக்கலாமோ?" பி.எல்.சி. என்பது மெசினின் மூளை: சென்சர்கள் சொல்வதைக் கேட்டு, உள்ளே எழுதிய புரோகிராமின்படி மோட்டருக்கும் வால்வுக்கும் கட்டளை கொடுக்கும் பெட்டி. மயிலிட்டிப் பக்கத்தில் ஓர் ஐஸ் தொழிற்சாலையாக இருக்கலாம், பரந்தனில் நெல் ஆலையாக இருக்கலாம், கொடிகாமத்தில் எண்ணெய் ஆலையாகவோ வலிகாமத்தில் தண்ணீர்ப் போத்தல் அடைக்கும் இடமாகவோ இருக்கலாம். போய்ப் பனல் கதவைத் திறந்து மீற்றரை வைத்துப் பார்த்தால் பி.எல்.சி. நல்லாகத்தான் இருக்கும். பிழை அதற்கு வெளியே, ஒரு வயரிலோ சென்சரிலோ கொன்டாக்டரிலோ (மோட்டருக்கு மின்சாரம் கொடுத்து வெட்டும் மின்காந்தச் சுவிட்ச்) எர்த்திலோ கிடக்கும். பி.எல்.சி. உண்மையிலேயே செத்திருந்த இடங்களை நான் இத்தனை வருடத்தில் விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் ஆச்சரியம் இல்லை. 1960களின் கடைசியில் அமெரிக்காவின் கார் தொழிற்சாலைகளில் சுவர் அளவு ரிலே (சின்ன மின்காந்தச் சுவிட்ச்) பனல்களுக்குப் பதிலாக வந்த பொருள் அது, சூட்டையும் தூசியையும் அதிர்வையும் தாங்குவதற்கென்றே செய்யப்பட்டது. ஆனால் அதோடு இணைத்திருக்கும் 80 வயர்களையும் 20 சென்சர்களையும் அப்படிச் சொல்ல முடியாது, அதுவும் எங்கள் உப்புக் காற்றில்.

அதனால் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் மெசினில் என்ன தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேரே போங்கள்.

தொடங்க முதல்

டிரைவ் (மோட்டரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) இருக்கும் பனல் என்றால் மெயினை நிப்பாட்டிய உடனே கையை விடாதீர்கள். 400 வோல்ற் மூன்று பேஸ் உள்ளே போய் டி.சி.யாக மாறும்போது அது ஏறத்தாழ 565 வோல்ற். மின்சாரத்தை நிப்பாட்டிய பிறகும் கபாசிற்றரில் அது தங்கி நிற்கும். டிரைவின் உடம்பில் எத்தனை நிமிடம் பொறுக்கச் சொல்லி எழுதியிருக்கிறதோ அத்தனை நிமிடம் பொறுங்கள், எழுத்து அழிந்திருந்தால் 10 நிமிடம். பிறகும் டி.சி. பிளஸ், மைனஸ் இரண்டுக்கும் இடையில் மீற்றரை வைத்து அளந்து பார்த்துவிட்டுத் தொடுங்கள். இரண்டாவது, கொன்டாக்டரை ஸ்குரூடிரைவரால் அமத்தி மோட்டரை ஓடவைத்துப் பார்க்கும் பழக்கம். தயவுசெய்து அதை விடுங்கள். பாதுகாப்பு சுவிட்ச், எமர்ஜென்சி எல்லாவற்றையும் தாண்டி மோட்டர் ஓடும், மற்றப் பக்கத்தில் யாருடைய கை இருக்கிறது என்று பனலுக்கு முன்னால் நிற்பவருக்குத் தெரியாது.

பிறகு, மீற்றரை எடுக்க முன் மெசினை ஓட்டுபவரிடம் கதையுங்கள். எப்போது நின்றது, ஓடிக்கொண்டிருக்கும்போதா தொடங்கும்போதா, நேற்று யாராவது எதையாவது கழட்டிப் பூட்டினார்களா, இரவு மழை பெய்ததா, கரண்ட் போய் வந்ததா. அநேகமாக அரைவாசிப் பதில் அவரிடம்தான் இருக்கும். முதலாளி சொல்வதைக் கேட்டுவிட்டு அவரைக் கேட்காமல் விடுகிறார்கள். எந்த வயரைக் கழட்டுவதாக இருந்தாலும் முதலில் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பி.எல்.சி.யில் ஒரு வெளிச்சமும் இல்லை

முதலில் 230 வோல்ற் வருகிறதா, பிறகு 24 வோல்ற் பவர் சப்ளையின் வெளியீடு. அங்கே 24 வருகிறது, பி.எல்.சி. டெர்மினலில் வரவில்லை என்றால் இடையில் ஒரு பியூஸோ லூசான ஸ்குரூவோ இருக்கும், அத்தோடு வேலை முடிந்தது.

பவர் சப்ளையின் பச்சை வெளிச்சம் விட்டுவிட்டு மினுங்குகிறது என்றால் அது பெரும்பாலும் பழுதடையவில்லை, வெளியே எங்கோ ஷோர்ட் என்று சொல்கிறது. மின்சாரத்தை நிப்பாட்டி, அதன் 24 வோல்ற் வெளியீட்டு வயர்களை எல்லாம் கழட்டிவிட்டு வெறுமனே போட்டுப் பாருங்கள். வெளிச்சம் நிலையாக எரிந்தால் வயர்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் பூட்டுங்கள், எதைப் பூட்டும்போது அணைகிறதோ அந்தப் பாதையில் நடந்து போங்கள். ஒரு நெல் ஆலையில் அப்படி நடந்து போன வயர் எலிவேற்றரின் மேல் தட்டில் முடிந்தது. அங்கே தவிட்டுத் தூசிக்குள் ஒரு சென்சரின் கேபிளை எலி அரித்து, பிறவுன் வயரும் புளூ வயரும் உரிந்து ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்தன. அந்த இடத்துக்கு நான் போக முன்னரே புதுப் பவர் சப்ளை ஒன்று வாங்கிப் பூட்டி, அதுவும் மினுங்குகிறதென்று திருப்பிக் கொடுக்கத் தயாராக வைத்திருந்தார்கள்.

கதவைத் திறந்ததும் 24 இருக்கிறது, ஆனால் மெசின் வேலை செய்யும் நேரத்தில் பி.எல்.சி. அணைந்து அணைந்து எரிகிறது என்றால் சுமையோடு அளக்க வேண்டும். வால்வுகள் எல்லாம் இழுக்கும் அந்தக் கணத்தில் வோல்ற் எவ்வளவு? சில பி.எல்.சி.கள் 20.4க்குக் கீழே போனால் ஓடுவதற்கு உத்தரவாதம் தராது. பழைய பவர் சப்ளையின் கபாசிற்றர் காய்ந்துவிட்டால் இப்படித்தான் ஆகும், சும்மா நிற்கும்போது 24 காட்டும், வேலை கொடுத்தால் விழுந்துவிடும்.

வெளிச்சம் இருக்கிறது, ஆனால் 'ரன்' எரியவில்லை

ரன்-ஸ்டொப் சுவிட்ச் இருக்கும் மொடலென்றால் முதலில் அதைப் பாருங்கள். துடைக்கும்போது கை பட்டு மாறியிருக்கும்.

அது சரியாக இருந்து, மெசின் நீண்ட நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தது என்றால் பற்றரியைச் சந்தேகியுங்கள். மிற்சுபிஷி எஃப்.எக்ஸ்.3யு போன்ற மொடல்கள் புரோகிராமை வைத்திருக்கும் உள் நினைவகம் ஒரு சின்ன லிதியம் பற்றரியால் உயிர் வாழ்கிறது. மெயின் கரண்ட் இருக்கும் வரை பற்றரி செத்ததே தெரியாது, பற்றரி வெளிச்சம் சிவப்பாக எரிந்திருக்கும், ஆனால் மெசின் ஓடுகிறதே என்று ஒருவரும் கவனித்திருக்கமாட்டார்கள். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலத்திலும், பிறகு டீசலும் இல்லாமல் மாதக்கணக்கில் மூடிக்கிடந்த இடங்களிலும் இந்தப் பற்றரிதான் பலரைக் கைவிட்டது. திரும்பத் திறந்த நாளில் மெசின் இருந்தது, அதன் புத்தி போயிருந்தது. ஓரிடத்தில் அது பாவித்த மெசினாக வெளிநாட்டில் இருந்து வாங்கியது, புரோகிராமின் பிரதி யாரிடமும் இல்லை. அந்த முதலாளியின் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

இப்போதே செய்ய வேண்டியது: பற்றரி உள்ள மொடலா என்று பாருங்கள், அதில் கடைசியாக மாற்றிய வருடத்தை எழுதி ஒட்டுங்கள், புரோகிராமை லப்டொப்பில் இறக்கி இரண்டு இடத்தில் வையுங்கள். பற்றரியைக் கழட்டினால் புதிதைப் பூட்டச் சில விநாடிகள்தான் அவகாசம், அதனால் புதுப் பற்றரியைக் கையில் எடுத்த பிறகுதான் பழையதைத் தொட வேண்டும். கடவுச்சொல் போட்டு வந்த மெசின் என்றால், விற்றவர் இன்னும் போன் எடுக்கும் காலத்திலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.

சீமென்ஸ் எஸ்7-1200 போன்றவற்றுக்குப் புரோகிராமை வைத்திருக்கப் பற்றரி தேவையில்லை. ஆனால் மணிக்கூடு ஏறத்தாழ 20 நாள்தான் தாங்கும், சூடான இடத்தில் அதிலும் குறைவு. நீண்ட நாள் பூட்டிக் கிடந்த இடத்தில் ரைமர் வேலைகள் எல்லாம் இரவில் நடக்க வேண்டியது பகலில் நடக்கிறது என்றால் மணிக்கூட்டைத் திருத்துங்கள், வேறொன்றும் இல்லை.

பி.எல்.சி.யில் வெளியீட்டு வெளிச்சம் எரிகிறது, மோட்டர் ஓடவில்லை

இது அடிக்கடி வருவது, அதனால் கொஞ்சம் ஆறுதலாகப் பார்ப்போம். வெளிச்சம் எரிவதன் அர்த்தம் 'நான் கட்டளை கொடுத்துவிட்டேன்' என்பது மட்டும்தான். கட்டளை போய்ச் சேர்ந்ததா என்பது வேறு கதை. அதனால் கட்டளை போகும் பாதையிலேயே நடந்து போங்கள்: பி.எல்.சி. வெளியீட்டு டெர்மினல், இடை ரிலே இருந்தால் அது, மோட்டர் மிதமிஞ்சிய அம்பியர் இழுத்தால் வெட்டும் ஓவர்லோட் ரிலேயின் 95-96 தொடுகை, கடைசியாகக் கொன்டாக்டர் கொயிலின் (அதன் மின்காந்தச் சுருள்) இரண்டு முனைகளான ஏ1, ஏ2. எந்த இரண்டு இடத்துக்கு நடுவில் வோல்ற் காணாமல் போகிறதோ அங்கேதான் பிழை.

95-96 திறந்திருந்தால் ஓவர்லோட் விழுந்திருக்கிறது, அதாவது தானாக வெட்டியிருக்கிறது. அதை ரீசெற் செய்து ஓடவிட்டு வீட்டுக்குப் போய்விடக் கூடாது. ஏன் விழுந்தது? கிளாம்ப் மீற்றரால் மூன்று பேஸிலும் அம்பியர் பாருங்கள். ஒரு பேஸ் 0, மற்ற இரண்டும் ஏறிக்கிடந்தால் ஒரு பேஸ் இல்லாமலே மோட்டர் முனகிக்கொண்டு ஓடியிருக்கிறது. மூன்றிலும் இருக்கிறது, ஆனால் சமனில்லை என்றால் வோல்ற்றை அளவுங்கள். வோல்ற்றில் 2 சதவீத வித்தியாசம் அம்பியரில் அதைப் போல் பல மடங்காக வரும், மோட்டர் சூடாவதற்கு அதுவே போதும்.

ஏ1, ஏ2இல் வோல்ற் சரியாக வருகிறது, கொன்டாக்டர் இழுக்கவில்லை, அல்லது இழுத்துவிட்டு 'கிர்ர்' என்று அதிர்கிறது. அப்போது இரண்டு விசயம். ஒன்று, வோல்ற் உண்மையிலேயே போதுமா? கொன்டாக்டர்கள் தங்கள் கொயில் வோல்ற்றின் 85 சதவீதத்தில் இழுக்க வேண்டும் என்பது தரம். 230 கொயிலுக்கு அது ஏறத்தாழ 195. மற்றவர்களும் மோட்டர் போடும் பின்னேரத்தில், நீண்ட லைனின் கடைசியில் இருக்கும் ஆலையில், பெரிய மோட்டர் தொடங்கும் அந்த விநாடியில் 190க்கு விழுவதை நானே மீற்றரில் கண்டிருக்கிறேன்.

இரண்டாவது, உள்ளே ஏதாவது இருக்கிறதா. ஒரு முறை நெல்லியடிப் பக்கத்தில் கழட்டிய கொன்டாக்டரை மறக்க முடியாது. மேல் மூடியின் இரண்டு ஸ்குரூவையும் கழட்டி அசையும் இரும்பை வெளியே எடுத்தேன். இரண்டு இரும்பு முகங்களுக்கும் நடுவே ஒரு சின்னப் பல்லி, காய்ந்து கடதாசி மாதிரித் தட்டையாகக் கிடந்தது. அந்தக் கடதாசித் தடிப்பு இடைவெளி போதும், இரும்பு முழுதாகப் பொருந்தாமல் கொயில் மிதமிஞ்சிய அம்பியர் இழுத்து, பிளாஸ்டிக் பழுப்பாகி, மணக்கத் தொடங்கியிருந்தது. சிற்றெறும்பும் இதே வேலையைச் செய்யும், சூடான இடம் தேடித் தொடுகைகளுக்கு நடுவில் குவியும். பனலின் அடியில் கேபிள் நுழையும் துளைகளைச் சரியான கிளாண்ட் (கேபிளைச் சுற்றி இறுக்கும் அடைப்பு) போட்டு அடையுங்கள். பெரும்பாலான பனல்களில் மேல் பக்கம் அழகாக இருக்கும், அடியில் இரண்டு விரல் போகும் ஓட்டை இருக்கும்.

இரும்பு முகத்தில் கறள் இருந்தால் துணியால் துடைத்துவிடுங்கள், அரத்தால் தேய்க்க வேண்டாம். முகத்தில் பதித்திருக்கும் சின்னச் செப்பு வளையம் உடைந்திருந்தால் அந்தக் கொன்டாக்டர் இனி அதிர்ந்துகொண்டேதான் இருக்கும், மாற்றிவிடுங்கள்.

பி.எல்.சி. வெளியீட்டிலேயே வோல்ற் வரவில்லை, வெளிச்சம் மட்டும் எரிகிறது என்றால் உள்ளே இருக்கும் குட்டி ரிலேயின் தொடுகை எரிந்திருக்கிறது. அது பெரும்பாலும் 2 அம்பியருக்கே செய்யப்பட்டது. பெரிய கொன்டாக்டரை நேரே அதில் மாட்டினால் ஒவ்வொரு முறையும் கொயில் விடும் நேரத்தில் பொறி பறந்து தின்னும். நடுவில் ஒரு இடை ரிலே போடுங்கள். டி.சி. கொயில் என்றால் அதன் குறுக்கே 1என்4007 டயோடு ஒன்று, வெள்ளைக் கோடு பிளஸ் பக்கம். ஏ.சி. கொயில் என்றால் ஆர்.சி. சனப்பர், அதாவது பொறியை அடக்கும் ரெசிஸ்டர்-கபாசிற்றர் சேர்க்கை. டயோடு சில ரூபாய்க் காசு, அதை மிச்சம் பிடித்து ஒரு பி.எல்.சி. வெளியீட்டை இழப்பதைப் பார்க்க மனம் பொறுக்காது.

சென்சரில் வெளிச்சம் எரிகிறது, பி.எல்.சி. உள்ளீட்டில் எரியவில்லை

பழைய சென்சரை மாற்றிய பிறகு இது தொடங்கினால் 'பி.என்.பி.யா என்.பி.என்.னா' என்று பாருங்கள். முதலாவது சைகையாகப் பிளஸைக் கொடுக்கும், இரண்டாவது பூச்சியத்தைக் கொடுக்கும். கடையில் "இதே சைஸ், இதே தூரம்" என்று கொடுத்துவிடுவார்கள். பிறவுன் பிளஸ், புளூ பூச்சியம், கறுப்பு சைகை. சென்சர் உணரும்போது கறுப்புக்கும் புளூவுக்கும் இடையில் 24 அளவு வந்தால் பி.என்.பி., பிறவுனுக்கும் கறுப்புக்கும் இடையில் வந்தால் என்.பி.என். உங்கள் பி.எல்.சி.யின் பொதுப் புள்ளி பிளஸில் கட்டியிருக்கிறதா பூச்சியத்திலா என்பதைப் பொறுத்து ஒன்றுதான் வேலை செய்யும்.

மாற்றவில்லை, தானாகவே வந்த பிழை என்றால் பி.எல்.சி. டெர்மினலில் அளவுங்கள். பெரும்பாலான 24 வோல்ற் உள்ளீடுகளில் 15க்கு மேல் 'ஒன்', 5க்குக் கீழ் 'ஓஃப்', நடுவில் இருந்தால் எது என்று ஒருவரும் உறுதி சொல்ல முடியாது. 11, 12 என்று ஒரு எண் தெரிந்தால் வழியில் ஒரு மூட்டு கறள் பிடித்திருக்கிறது. கடலுக்குக் கிட்ட இருக்கும் இடங்களில் ரேப் சுற்றிய மூட்டுகள் ஒரு சோளகக் காலத்தையே தாண்டமாட்டா. பச்சை நிறமாகச் செப்பு பூத்து, தொட்டால் உதிரும். மூட்டே இல்லாமல் ஒரே கேபிளாக இழுங்கள், முடியாவிட்டால் நீர் புகாத இணைப்புப் பெட்டிக்குள், கேபிள் கீழிருந்து நுழையும்படி வையுங்கள்.

இன்னொன்று: இரும்பைப் பார்க்கும் சென்சரின் உடம்பில் எழுதியிருக்கும் தூரம் சாதாரண இரும்புக்கு. துருப்பிடிக்காத உருக்கென்றால் அதில் ஏறத்தாழ 70 சதவீதம், அலுமினியம் என்றால் 40 சதவீதம்தான். இரும்புத் தட்டை மாற்றி 'நல்ல' ஸ்ரெயின்லெஸ் தட்டுப் போட்ட பிறகு சென்சர் பிடிக்கவில்லை என்றால் சென்சரில் பிழை இல்லை, கிட்டக் கொண்டுபோங்கள்.

டிரைவ் விழுகிறது

டிரைவ் பிழைக் குறி காட்டித் தானாக நின்றால், எந்தக் குறி காட்டியது என்பதோடு, *எப்போது* விழுந்தது என்பதையும் எழுதிவையுங்கள். குறியை மட்டும் வைத்துக்கொண்டு டிரைவைக் குற்றம் சொல்ல முடியாது.

தொடங்கும்போது ஓவர் கரண்ட் என்றால் வேகம் கூட்டும் நேரம் மிகக் குறைவாக வைத்திருக்கிறதா, மோட்டர் இறுகியிருக்கிறதா, மோட்டர் பெயர்த் தட்டில் உள்ள அம்பியரும் டிரைவுக்குள் எழுதியதும் ஒன்றா என்று பாருங்கள். மோட்டர் வயர்களைக் கழட்டி, டிரைவை வெறுமனே சாதாரண வி/எஃப் முறையில் (வோல்ற்றையும் அலைவெண்ணையும் ஒரே விகிதத்தில் மாற்றும் முறை) ஓடவிடுங்கள். அப்போதும் உடனே விழுந்தால் டிரைவ், விழாவிட்டால் வெளியே. மோட்டரையும் கேபிளையும் 500 வோல்ற் மெகரால் (மின்காப்பை அளக்கும் மீற்றர்) பாருங்கள், ஆனால் டிரைவில் இருந்து வயரைக் கழட்டிய பிறகு மட்டும். இதை மறந்து மெகரைப் போட்டு நல்ல டிரைவைக் கொன்றவர்கள் இருக்கிறார்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே என்றால் மோட்டர் ஈரம் இழுத்திருக்கிறது. ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு எர்த் பிழை காட்டும் டிரைவ்களில் நான் முதலில் திறப்பது மோட்டரின் டெர்மினல் பெட்டியைத்தான், பல தடவை உள்ளே தண்ணீரே நின்றிருக்கிறது.

நிப்பாட்டும்போது ஓவர் வோல்ற் என்றால் சுழலும் சுமை மோட்டரை ஜெனரேற்றர் ஆக்கி மின்சாரத்தைத் திருப்பி அனுப்புகிறது. வேகம் குறைக்கும் நேரத்தைக் கூட்டுங்கள், அது முடியாவிட்டால் பிரேக் ரெசிஸ்டர் போடுங்கள். இதில் இப்போது புதிதாக ஒரு காரணமும் சேர்ந்திருக்கிறது. கூரை சோலார் கூடிய பகுதிகளில் மத்தியானம் வோல்ற் ஏறி நிற்கிறது. இலங்கையில் 400க்கு 6 சதவீதம் மேலே கீழே என்பதுதான் அனுமதி, அதாவது 424 வரை. 424இல் டிரைவின் உள் டி.சி. ஏறத்தாழ 600. விழும் எல்லை பெரும்பாலும் 800 அளவில் இருப்பதால் அது மட்டும் டிரைவை விழுத்தாது, ஆனால் மிச்ச இடைவெளி குறைந்துவிடும். காலையில் சரியாக நிற்கும் மெசின் 12 மணிக்கு மட்டும் நிப்பாட்டும்போது விழுந்தால் இதைத்தான் பாருங்கள்.

சூடு என்று விழுந்தால் விசிறி. டிரைவின் அடியில் இருக்கும் சின்ன விசிறி தவிடும் உப்பும் பிடித்து இறுகியிருக்கும். விசிறி மலிவு, ஆனால் அது நின்ற பிறகு கபாசிற்றர் வேகும். 10 பாகை கூடினால் ஆயுள் அரைவாசி என்பது அதற்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு. இரண்டு வருடத்துக்கு மேல் பெட்டிக்குள் கிடந்த புது டிரைவையும் எடுத்த உடனே முழு வோல்ற் கொடுக்காதீர்கள், குறைந்த வோல்ற்றில் தொடங்கி ஆறுதலாக ஏற்றும் முறையைக் கையேட்டில் சொல்லியிருப்பார்கள்.

டிரைவ் போட்ட நாளில் இருந்து ட்ரிப் சுவிட்ச் விழுகிறது

டிரைவின் மின் இரைச்சல் தடுப்பு வடிகட்டி எர்த்துக்குக் கொஞ்சம் மின்சாரத்தை எப்போதும் கசியவிடும், நீண்ட மோட்டர் கேபிள் அதைக் கூட்டும். அதனால் வீட்டுக்குப் பூட்டும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இதைத் தாங்காது. டிரைவுக்கென்று தனிப் பாதை, அதற்கேற்ற, டி.சி. கசிவையும் உணரும் பி வகை ட்ரிப் சுவிட்ச், இதுதான் வழி. ட்ரிப் சுவிட்சைத் தாண்டி வயரைக் கொடுத்து 'இப்ப விழுகுதில்லை' என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

காரணம் எங்கள் நிலம். இங்கே ஒவ்வொரு கட்டடத்துக்கும் தன் எர்த் கம்பிதான். யாழ்ப்பாணத்தில் பல இடங்களில் இரண்டு மூன்று அடி மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல். கம்பி இறங்காது, இறங்கியதும் காய்ந்த கல்லில் நிற்கும். எர்த் 50 ஓம் என்று வையுங்கள், மெசினின் உடம்பில் பேஸ் வயர் முட்டினால் ஓடும் மின்சாரம் 230ஐ 50ஆல் பிரித்தால் 4.6 அம்பியர். 32 அம்பியர் பிரேக்கர் அதை உணரவே உணராது. மெசினின் உடம்பு அப்படியே உயிரோடு நிற்கும், ஈரக் கையோடு ஐஸ் தூக்குகிற பெடியன் அதைத் தொடுவான். ட்ரிப் சுவிட்ச் ஒன்றுதான் அங்கே காவல். எர்த்தைச் சரியாக்க, ஆழமாகத் துளை போட்டு இறக்கலாம், அல்லது ஆழமில்லாத அகழியில் நீளமான செப்புப் பட்டியைக் கிடத்தலாம். இரண்டு மூன்று கம்பிகளைத் தள்ளித் தள்ளி இறக்கி இணைக்கவும் செய்யலாம். அளவை ஆவணி வெயிலில் எடுங்கள், மார்கழி மழையில் எடுத்த எண் உங்களை ஏமாற்றும்.

எப்போதாவது, காரணமே இல்லாமல்

இதுதான் மனிதரைக் களைக்கவைக்கும் அறிகுறி. மெசின் நின்றுவிடும், நீங்கள் போய்ச் சேரும்போது ஓடிக்கொண்டிருக்கும். இதற்கு ஒரு கொப்பியும் பேனாவும்தான் முதல் கருவி. ஒவ்வொரு தடவையும் நேரம், அப்போது வேறு என்ன தொடங்கியது, என்ன குறி காட்டியது. ஒரு கிழமை எழுதினால் ஒழுங்கு தெரியத் தொடங்கும்.

போத்தல் எண்ணும் மெசின் ஒன்று இடைக்கிடை மூன்று நான்கு போத்தலைக் கூடுதலாக எண்ணியது. நிறுவியவர்கள் வந்து புரோகிராமை இரண்டு முறை மாற்றிவிட்டுப் போனார்கள், எண்ணிக்கை அப்படியேதான் பிழைத்தது. ஓட்டுகிற தம்பியை எழுதச் சொன்னேன். ஐந்தாம் நாள் அவனே சொன்னான், "அண்ணை, கிணத்து மோட்டர் போடேக்கதான் கூடுது." போய்ப் பார்த்தால் சென்சர் கேபிளும் அந்த மோட்டரின் கேபிளும் ஒரே குழாய்க்குள், 15 மீற்றர் தூரம் ஒன்றோடொன்று ஒட்டியபடி. சென்சர் கேபிளை 30 சென்ரிமீற்றர் தள்ளித் தனி வழியில் இழுத்து, வலைக் கவசத்தைப் பனல் பக்கத்தில் மட்டும் எர்த்தில் கட்டி, கிணற்று மோட்டரின் கொன்டாக்டர் கொயிலில் ஒரு சனப்பர் போட்டோம். அன்றோடு நின்றது. புரோகிராமில் முதலில் இருந்ததையே திரும்ப ஏற்றினோம்.

இந்த வகையில் இன்னொரு காரணம் லூசான ஸ்குரூ. கொன்டாக்டர்கள் அடித்து அடித்து அதிரும் பனலில் டெர்மினல்கள் இளகும். வருடத்துக்கு ஒருக்கா மெயினை நிப்பாட்டி எல்லா ஸ்குரூவையும் இறுக்கிப் பாருங்கள், கை எவ்வளவு சுழல்கிறது என்று உங்களுக்கே விளங்கும்.

வெப்பநிலை பிழையாகக் காட்டுகிறது

பி.டி.-100 (சூட்டுக்கேற்ப ஓம் மாறும் பிளாற்றினம் சென்சர்) என்றால் கழட்டி ஓம் அளவுங்கள். 0 பாகையில் 100, 30 பாகையில் ஏறத்தாழ 111.7, ஐஸ் தொட்டியின் உப்பு நீர் -10இல் 96 அளவு. எண் சரியென்றால் சென்சர் நல்லது. ஒரு பாகைக்கு 0.385 ஓம்தான் மாறும் என்பதால் மூட்டில் 1 ஓம் கறள் இருந்தாலே இரண்டரைப் பாகை பிழைக்கும். மூன்று வயர்ச் சென்சரில் ஒன்றை விட்டுவிட்டு இரண்டைப் பூட்டியவர்களையும் கண்டிருக்கிறேன், கேபிள் நீளத்துக்கேற்ப வெப்பநிலை கூடிக்காட்டும். அளவை 4-20 மில்லி அம்பியராக அனுப்பும் கருவி என்றால் 3.6க்குக் கீழே வருவது அறுந்த வயர் அல்லது செத்த கருவி, குறைந்த அளவென்று எடுக்காதீர்கள்.

தொடர்பு இல்லை என்று திரை காட்டுகிறது

மோட்பஸ் (கருவிகள் ஒன்றோடொன்று பேசும் மொழி), ஆர்.எஸ்.-485 (அது போகும் இரட்டை வயர் இணைப்பு) என்றால்: ஏ, பி வயர் மாறியிருக்கிறதா, வேகமும் பரிற்றியும் (பிழை சரிபார்க்கும் அமைப்பு) இரண்டு பக்கமும் ஒன்றா, ஒரே இலக்கம் இரண்டு கருவிக்குக் கொடுத்திருக்கிறதா. எல்லாவற்றையும் நிப்பாட்டிவிட்டு இரண்டு வயருக்கும் இடையில் ஓம் அளவுங்கள், ஏறத்தாழ 60 வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை ரெசிஸ்டர் இல்லை அல்லது வயர் நடுவில் அறுந்திருக்கிறது. 40 வந்தால் யாரோ மூன்றாவது ரெசிஸ்டரையும் போட்டிருக்கிறார்கள்.

லைன் வேலை நடந்த பிறகு பம்ப் தண்ணீர் இறைக்கவில்லை

பேஸ் வரிசை மாறி மோட்டர் பின்பக்கம் சுற்றுகிறது. மெயினில் இரண்டு வயரை மாற்றுங்கள், ஒரு பேஸ் காவல் ரிலேயும் பூட்டுங்கள். நேரே மெயினில் ஓடும் கொம்பிரசர் என்றால் சோதித்துப் பார்க்கவே வேண்டாம், முதலில் வரிசையைப் பார்த்துவிட்டுத்தான் போடுங்கள். சில வகைகள் பின்பக்கம் சில நிமிடம் சுற்றினாலே போய்விடும்.

வைத்த அளவுகள் தானாக மாறுகின்றன

இது புதிய அறிகுறி. இப்போது வரும் சின்னப் பி.எல்.சி.களிலும் நெற்வேர்க் கேபிள் பூட்டலாம், போனிலேயே ஐஸ் தொட்டியின் வெப்பநிலையைப் பார்க்கலாம், நல்ல வசதி, நானும் பூட்டிக் கொடுக்கிறேன். ஆனால் சிலர் ரவுட்டரில் ஒரு கதவைத் திறந்து மெசினை நேரே இணையத்தில் விட்டுவிடுகிறார்கள். மோட்பஸ் 1979இல் வந்தது, அதில் கடவுச்சொல் என்ற ஒன்றே கிடையாது. கதவு திறந்திருந்தால் உலகத்தில் யாரும் வந்து எழுதலாம். ரவுட்டரில் 502ஆம் போர்ட் (மோட்பஸ் பாவிக்கும் கதவு) திறந்திருந்தால் இன்றே மூடுங்கள், வெளியில் இருந்து பார்க்க வேண்டுமென்றால் வி.பி.என். (பூட்டிய தனிப் பாதை) வழியாக மட்டும். திரையின் கடவுச்சொல் இன்னும் 1111 என்றால் அதையும் மாற்றுங்கள், ஏனென்றால் பல தடவை அளவை மாற்றியது இணையத்து ஆள் இல்லை, இரவு வேலைக்கு வந்தவர்தான்.

எல்லாம் பார்த்தாச்சு, உண்மையிலேயே பி.எல்.சி.தான்

உறுதி செய்ய இரண்டு சோதனை. உள்ளீட்டு வயரைக் கழட்டிவிட்டு, பி.என்.பி. முறையில் கட்டிய பி.எல்.சி. என்றால் பவர் சப்ளையின் பிளஸில் இருந்து ஒரு சின்ன வயரால் அந்த உள்ளீட்டை நேரே தொடுங்கள். மற்றது எரிகிறது, இது மட்டும் எரியவில்லை என்றால் அந்த உள்ளீடு போய்விட்டது. வெளியீடும் அப்படித்தான்: கரண்டை நிப்பாட்டி வயரைக் கழட்டி, பி.எல்.சி.க்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, வெளிச்சம் எரியும்போது தொடுகை மூடுகிறதா என்று ஓம் மீற்றரில் பாருங்கள்.

அப்போதும் முழுப் பி.எல்.சி.யை மாற்ற வேண்டியதில்லை. பெரும்பாலான மெசின்களில் ஒன்றிரண்டு உள்ளீடும் வெளியீடும் சும்மா கிடக்கும். புரோகிராம் கையில் இருந்தால் செத்த இடத்தின் இலக்கத்தை நல்ல இடத்துக்கு மாற்றி எழுதி, வயரையும் அங்கே கொண்டுபோனால் அரை மணித்தியாலத்தில் மெசின் ஓடும். மாற்றிய வயரில் புது இலக்கத்தை ஒட்டி, பனல் கதவில் இருக்கும் வரைபடத்திலும் பேனாவால் திருத்தித் திகதி போடுங்கள், அடுத்த முறை அந்தக் கதவைத் திறப்பவர் நீங்களாக இருக்கமாட்டீர்கள்.